கத்திச் சவுக்கு விழுந்த பிறகு

திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே கடலைப் பார்த்துத் திரும்பினால் நிலம் மெல்ல மேடேறும். செம்மண் மேடு. எங்கள் ஊர் அந்த மேட்டில்தான் இருக்கிறது. 1970-களில் அங்கே வளர்ந்த எங்களுக்கு, தமிழ்ப் பாடத்தில் வந்த இளவேனில் வேறு ஏதோ சீமையில் நடக்கிற சங்கதி. மாசி முடிந்தால் வெயில் வந்துவிடும். பங்குனியில் கிணறு அடியைக் காட்டும். சித்திரையில் புழுதிக் காற்று. மல்லாட்டை பிடுங்கிய கொல்லை, வரகு அறுத்த கொல்லை எல்லாம் வெறும் செம்மண்ணாகக் கிடக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பனைமரம்தான்; அதுவும் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. காலையில் துவைத்துக் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் எடுக்கும்போது அது வெள்ளையாக இருக்காது.

மழைக்காலம் இதைவிட மோசம். எங்கள் பக்கத்துக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பிடித்து வைக்க வேர் இல்லாத மண் அந்த வேகத்தில் கரைந்து இறங்கும். ஒன்றாம் வகுப்பில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நான் தாண்டிக் குதித்த ஓடையை, ஐந்தாம் வகுப்பில் இறங்கி ஏறித்தான் கடந்தேன். மழை விட்ட மறுநாள் பொம்மையார்பாளையம் பக்கம் போய் நின்றால் கரையோரக் கடல் செக்கச்செவேல் என்றிருக்கும். கடலம்மா வெத்தலை போட்டிருக்கிறாள் என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வோம். அது எங்கள் கொல்லையின் மேல்மண் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த நாளில் எனக்குத் தெரிந்து பங்குனியில் பச்சையாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு. உறவுக்காரப் பிள்ளை யாருக்காவது அங்கே மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். விடியற்காலையில் வண்டி கட்டுவோம். வழியெல்லாம் வெயில் முதுகில் ஏறும். காட்டுக்குள் நுழைந்ததும் தோளிலிருந்து யாரோ சுமையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். பெரிய மரங்கள் என்று சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் எதுவும் போகாது. ஆனால் நெருக்கம். அடிமரம் பள்ளம் பள்ளமாக முறுக்கேறி நிற்கிற வீரை, கருத்த பாலை, முள்ளோடு குருந்து. இவற்றுக்கு நடுவில் காசான். அதன் பூ கிளை நுனியில் பூக்காது. இலை உதிர்ந்த பழைய கொம்பின் கணுக்களில், மரப்பட்டையை ஒட்டியே கொத்துக் கொத்தாகப் பூக்கும். கருநீலம். ஒவ்வொரு பூவும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதிகம்; சேர்த்துப் பார்த்தால் கொம்புக்கே நீலம் தடவியது போலத் தெரியும்.

அதைப் பறிக்கக் கையை நீட்டினால் ஆயா அதட்டுவாள். "கை வெக்காதடி. அய்யனாரு குதிரையில வந்து கேப்பாரு." காட்டில் ஒரு சுள்ளி கூடப் பொறுக்கக் கூடாது. பொங்கல் வைக்க விறகை வீட்டிலிருந்தே வண்டியில் கட்டி எடுத்துப் போவோம். வீட்டில் விறகுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று எனக்குத் தெரியும். பனை மட்டையும் முந்திரிச் சருகும் வறட்டியும் வைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அப்படிப்பட்டவர்கள், காய்ந்த கட்டை காலில் இடறும் காட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். ஒரே ஒரு சலுகை உண்டு. தானாகக் கீழே விழுந்த பழத்தைப் பிள்ளைகள் தின்னலாம். வைகாசி, ஆனியில் போனால் பாலைப்பழம் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும். பிசுபிசுவென்று உதட்டில் ஒட்டும் அந்த இனிப்பு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. ஆயாவின் அந்தச் சலுகை பிற்பாடு எங்கள் மேட்டுக்கே உதவியது.

1968 பிப்ரவரி 28 அன்று எங்கள் மேட்டில் ஆரோவில் என்ற பன்னாட்டு நகர் தொடங்கியது. 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்ட அந்த விழாவை அம்மா தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். விழாப் படங்களில் ஆலமரம் ஒன்று தெரியும், சுற்றிலும் வெட்டவெளி. அந்த வெட்டவெளியில்தான் வந்தவர்கள் வீடு கட்டுவதற்கு முன்னால் கரை கட்ட வேண்டியிருந்தது. மண் ஓடுவதை நிறுத்தாமல் எதையும் நட்டுப் பயனில்லை. கொல்லைக்குக் கொல்லை சரிவைக் குறுக்கே மறித்துக் கரை, ஓடைகளுக்குள் சிறு தடுப்பணை. அம்மா அந்த வேலைக்குப் போனாள். மண்வெட்டியும் கூடையும்தான் கருவி. பிறகு குழி வெட்டுவது, எரு போடுவது, கன்றுக்கு முள்வேலி கட்டுவது, மாட்டு வண்டியில் வந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஒவ்வொன்றாக ஊற்றுவது. ஆட்டுக்கும் வெயிலுக்கும் போனது போக மிஞ்சியது கொஞ்சம். மிஞ்சியதைப் பார்த்து, செத்த இடத்தில் மறுபடி நட்டார்கள்.

மிஞ்சியவற்றில் முதலில் தலை தூக்கியது கத்திச் சவுக்கு. ஆஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்து மரம். எருவில்லாத செம்மண்ணிலும் நிற்கும். வேரில் நைட்ரஜனைச் சேர்த்து வைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் நம் தலைக்கு மேலே போய்விடும். உதிர்கிற சருகு மண்ணை மூடிக்கொள்ளும். நான் எட்டாவது படிக்கும்போது, பள்ளிக்கூடம் போகிற வழியில் முதன்முதலாக நிழல் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று தலைமுறையாகக் காணாத நிழல் அது. இன்றைக்குச் சிலர் அந்த மரத்தை அயல் மரம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். வெயிலில் செருப்பில்லாமல் அந்த வழியில் நடந்தவள் நான். அந்த மரத்துக்கு நன்றி சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அது காடாக இல்லை. பறவை தின்னும் பழம் அங்கே அதிகம் கிடையாது. பங்குனியில் அடியில் சருகு சேரும், மேலே அதே இலை. என்ன குறைகிறது என்று தெரிந்துகொள்ள நட்டவர்களுக்கே சில வருடம் ஆனது. இந்தக் கடற்கரைக்கு என்று ஒரு காடு இருந்திருக்கிறது. தாவரவியலார் அதை வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள். ஆறு மாத வறட்சியிலும் இலை கொட்டாத மரங்கள்; இந்தியாவில் இந்த வகைக் காடு பெரும்பாலும் சோழமண்டலக் கரையை ஒட்டியே வளர்ந்தது. வெட்டியும் உழுதும் தீர்ந்தது போக, அது துண்டு துண்டாக மிஞ்சியிருந்த இடங்களில் பெரும்பாலானவை கோயில் காடுகள். விதை வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

அப்படித்தான் அம்மா, நாற்றங்கால் வேலைக்காரர்களோடு புத்துப்பட்டுக்கு விதை பொறுக்கப் போனாள். முதல் தடவை போகும்முன் ஆயாவிடம் வந்து நின்றாள். சுள்ளி பொறுக்காத காட்டில் விதை பொறுக்கலாமா? ஆயா வெகுநேரம் யோசித்தாள். "கீழ வுழுந்தது புள்ளைங்களுக்கு. செடியும் ஒரு புள்ளதானே, போய் எடுத்தா." அந்தத் தீர்ப்பில் வந்த பாலையும் வீரையும் குருந்தும் கத்திச் சவுக்கின் நிழலில் கன்றாக நின்றன. இந்த மரங்கள் மெதுவாகத்தான் வளரும். ஒரு வருடத்தில் ஒரு சாண் ஏறினால் பெரிய காரியம். மேலே வெளிநாட்டு மரம் மளமளவென்று உயர, கீழே இவை வேருக்கே முதலில் சோறு போட்டுக்கொண்டிருந்தன.

நடாததும் முளைத்தது. சின்னானும் குயிலும் எங்கேயோ தின்ற பழத்தின் விதையைச் சவுக்குக் கிளையில் உட்கார்ந்து போட்டுவிட்டுப் போயின. காரை, சூரை, களா, வேம்பு எல்லாம் அப்படி வந்தவை. 1990-களின் நடுவில் நான் ஆசிரியர் வேலை கிடைத்து விழுப்புரம் போய்விட்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஓடை ஓரத்துப் புதர் கொஞ்சம் தடித்திருக்கும். அதற்குமேல் நான் எதையும் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. அந்தக் காலத்துப் பங்குனி என்றால் எனக்கு நினைவில் நிற்பது முந்திரிக்கொல்லையில் அடித்த மருந்து நெடிதான். பூவுக்கும் பிஞ்சுக்கும் அடித்தார்கள். தேனீ செத்து விழுந்தது. அந்த எண்டோசல்ஃபான் மருந்துக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில்தான் தடை விதித்தது.

அதே ஆண்டு டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அரையாண்டு விடுமுறை, நான் அம்மா வீட்டில் இருந்தேன். காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியதாகப் பிறகு படித்தோம். அன்றைக்கு எங்களுக்குக் கேட்டது ஒரே சத்தம்தான். நடுநடுவே மரம் முறிகிற ஓசை. விடிந்து கதவைத் திறந்தால் கிழக்கே பழக்கமில்லாத அளவுக்கு வானம் தெரிந்தது. கத்திச் சவுக்குகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மேலோடு பரவிய வேர் அது. தட்டு மாதிரி மண்ணோடு பெயர்ந்து நின்றது. கடலூர்ப் பக்கத்து முந்திரியும் பண்ருட்டிப் பலாவும் வேரோடு போனதைச் செய்தியில் பார்த்து, கொல்லையை இழந்த உறவுக்காரர்கள் வாய்விட்டு அழுதார்கள். மூன்று தலைமுறைப் பலா மரத்தைப் பறிகொடுத்தவருக்கு யாரும் ஆறுதல் சொல்ல முடியாது. அம்மா ஓடைக்கரையில் போய் நின்றாள். அவள் தண்ணீர் ஊற்றிய மரங்கள் அவை. எதுவும் பேசவில்லை. மதியம் வரை வீட்டுக்கும் வரவில்லை.

அடுத்த பங்குனியில் தம்பி கூப்பிட்டான். ஆரோவில் காட்டு வேலையில் சேர்ந்து அவனுக்கு அப்போது பல வருடம் ஆகியிருந்தது. "அக்கா, ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போ. இன்னா ஏதுன்னு கேக்காத." போனேன். அறுத்து அப்புறப்படுத்திய சவுக்குத் துண்டுகளுக்கு நடுவே அவன் ஒத்தையடிப் பாதையில் முன்னால் நடந்தான். நான் நினைத்துக்கொண்டு போனது, மறுபடி எங்கள் சிறுவயது வெட்டவெளியைப் பார்க்கப்போகிறோம் என்று.

விழுந்தது மேல்தட்டு மரம். அதன் கீழே இருபது வருடமாக இடுப்பளவும் தோளளவும் நின்றவை கிளை முறிந்திருந்தாலும் நிமிர்ந்து நின்றன. வீரையில் புயல் உருவிப்போட்ட கொம்பெல்லாம் புது இலை. வெயிலில் எண்ணெய் தடவியது போல மினுங்குகிற வெளிர்பச்சை. குருந்தின் ஒரு கொழுந்தைக் கசக்கி முகர்ந்தேன், நாரத்தை வாசம். செருந்தி அந்த நேரத்தில் ஓர் இலை கூட இல்லாமல் மஞ்சளாகப் பூத்து நின்றது. பாலையின் அடிமரத்தைத் தம்பி தட்டிக் காட்டினான். "இதுல ஒண்ணுகூட சாயல பாரு. ஆணிவேரு எவ்ளோ ஆழம்னு தோண்டிப் பாத்தவன் எவனும் இல்ல." சவுக்கு பெயர்ந்த குழிக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னான். மண் சரிந்த ஓரத்தில் விரல் நீளக் கன்றுகள், நெருக்கமாக. சிலவற்றில் விதை ஓடு இன்னும் தலையில். நிழலில் தூங்கிக் கிடந்ததை வெளிச்சம் எழுப்பிவிட்டிருக்கிறது. அதற்குமுன் மூன்று மாதமாக ஒரு துளி மழை இல்லை.

இந்த மரங்களின் வழக்கம் அது. ஈரத்தைப் பார்த்துத் துளிர்ப்பது வேறு மரங்கள். மாசி தொடங்கி வெயில் ஏற ஏறத்தான் இவை இலை மாற்றும், பூக்கும். வறட்சியின் உச்சத்தில் பழுக்கும். ஐப்பசி மழை ஆழத்தில் இறங்கிச் சேர்ந்த தண்ணீரை வேர் மேலே கொண்டு வருகிறது. பழம் விழும்போது ஆடிக் காற்றும் அடுத்துச் சிறு மழையும் வரும். முளைப்பதற்குள் பருவமழை வந்து சேரும். எங்கள் சிறுவயதில் இதே பங்குனி இந்த மேட்டிலும் ஆண்டுதோறும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. துளிர்க்க ஒரு கொம்பு இல்லாததால் நாங்கள் அதை வெறும் வெயிலாக அனுபவித்தோம்.

சுற்றுச்சூழல் பற்றி நல்லதாக ஒரு செய்தி சொல்லுங்கள் டீச்சர் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்கும்போது நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். நம்பிக்கை என்று நான் அவர்களுக்குச் சொல்வதில் மூன்று பேருடைய கை இருக்கிறது. தாய்மரத்தைத் தொடவிடாத ஆயா, குடத்தில் தண்ணீர் சுமந்த அம்மா, விழுந்துவிடப்போகிற மரத்தை நட்டு மண்ணைப் பிடித்துவைத்த வெளியூர்க்காரர்கள். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் 2012 பங்குனிக்கு அந்த மேட்டில் செய்ய வேலை இருந்திருக்காது. வசந்தம் தானாக வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் மேட்டிலிருந்து மேற்கே போனால் திருவக்கரை. சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய், வளையம் தெரிகிற கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவேன். அதற்கு எந்தப் பங்குனியும் இனி உதவாது.

இன்றைக்கும் ஆபத்து தீரவில்லை. மேட்டின் விளிம்பில் கொல்லைகள் மனைகளாகிவிட்டன. முதலில் செய்கிற காரியம் கரையை இடித்துச் சமப்படுத்துவது. 2021 டிசம்பரில் ஆரோவில்லுக்குள்ளேயே சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டன. பசுமைத் தீர்ப்பாயம் அடுத்த ஆண்டு அதைத் தடுத்து ஆணையிட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஊர் ஏன், காடு ஏன் என்று இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. நான் காட்டின் பக்கம். அதை மறைக்க விரும்பவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மயிலம், புதுச்சேரி எல்லாம் மிதந்தன. மழை நின்றதும் தம்பியும் நானும் இரண்டு இடங்களைப் போய்ப் பார்த்தோம். மனை போட்ட இடத்திலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கிய தண்ணீர் குழம்பாக, சிவப்பாக, வண்டிச் சக்கரம் வழுக்குகிற சேறாக வந்தது. காட்டுக்குள்ளிருந்து வருகிற அந்தப் பழைய ஓடையில் தண்ணீர் நிறைய ஓடியது. ஆனால் அதில் என் காலின் விரல்கள் எனக்குத் தெரிந்தன. ஓடையின் சுவரில் இப்போது வேர்கள் தொங்குகின்றன. அந்தச் சுவர் எங்கள் சிறுவயதில் எத்தனை அடி பின்னுக்குப் போயிற்றோ, அங்கேயே நின்றுவிட்டது.

வடக்கே கழுவெளி ஏரியை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல செய்தி. சுற்றியுள்ள மேடுகளின் தண்ணீர் வடிகிற ஏரி அது. மேட்டு மண் நின்றால்தான் ஏரியில் ஆழம் நிற்கும். தம்பி இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லப்போய்த்தான் எங்கள் ஊர்க் கோயில் விஷயம் கிளம்பியது.

எல்லையம்மன் கோயிலுக்குப் பின்னால் எங்களுக்கும் ஒரு துண்டுக் காடு உண்டு. புத்துப்பட்டோடு ஒப்பிட முடியாது. நாலு வீரை, ஒரு பெரிய நாவல், புதர். கும்பாபிஷேகத்துக்கு மண்டபம் கட்டவும் வண்டி நிறுத்தவும் அதைச் சுத்தப்படுத்துவதாகப் பேச்சு. கோயிலை வளமாக்க வேண்டும் என்ற ஆசையில் தப்பில்லை. இந்த வட்டாரத்தில் கோயில் காடுகள் பலவும் இந்த ஆசையில்தான் கரைகின்றன. தம்பி பேசினான், எடுபடவில்லை. பிறகு அம்மா எழுந்தாள். எண்பதை நெருங்குகிறாள். "அம்மன் நிக்கிறதே அந்த நெழலுலதான். நெழல வெட்டிட்டு யாருக்குய்யா மண்டபம்?" என்றாள். முதியவர்கள் சிலர் தலையாட்டினார்கள். மண்டபம் வடக்குப் பக்கம் நகர்ந்தது. வீரை நின்றது, நாவலும் நின்றது.

இப்போது அங்கே என் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. ஆனியில் நாவல் விதையைப் பொறுக்கினார்கள். நாவலைக் காயவிடக் கூடாது. அலசியதும் மண்ணில் போட வேண்டும். பாலை விதை ஓடு கெட்டி, முளைக்க மாதக்கணக்கில் ஆகும்; பொறுமை இல்லாத பையன் ஒருவன் பையைக் கிளறிக் கிளறிப் பார்த்து, மற்றவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். புரட்டாசியில், மழைக்கு முன்பு, கோயிலுக்குப் பின்னால் மொட்டையாகக் கிடக்கிற மூலையில் நட வேண்டும். தண்ணீர் ஊற்றத் தெருவுக்கு ஒரு வாரம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுக்காரர்களோடு பேச வேண்டியது மட்டும் பாக்கி. அதைத் தானே பார்த்துக்கொள்வதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.